கஜானாவில் அபின் பெட்டி

கருவூலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும், இது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி. ஓய்வு பெற்றுச் சந்தவாசலுக்குத் திரும்பி வந்து இத்தனை வருஷம் ஆகியும் அது என்னை விடவில்லை.

இரண்டு எண்களைச் சொல்கிறேன். மாநில ஆயத்தீர்வை வரவு, 0039. எங்கள் காலத்து ஆட்களுக்கு அது 039. அதற்குக் கீழே நாட்டுச் சாராயம், கள், அயல்நாட்டு மது என்று கிளைகள் பிரியும். கடைசியில் 'அபின், கஞ்சா மற்றும் பிற போதைப் பொருட்கள்' என்று ஒரு சிறு தலைப்பு இருக்கும். இது பணம் உள்ளே வரும் வாசல். வெளியே போகும் வாசல் 2235, சமூகப் பாதுகாப்பும் நலமும். அதற்குள்ளே 105 என்று ஒரு சிறு தலைப்பு, பெயர் 'மதுவிலக்கு'. வரவுப் பக்கத்தில் ஆறு போல ஓடுகிற பணம் செலவுப் பக்கத்தில் எறும்பு வரிசையாக ஊர்கிறது. எப்போது இப்படி ஆனது, எப்போதாவது வேறு மாதிரி இருந்ததா என்று தேடினேன். தேடும்போது எங்கள் வட ஆற்காடு மாவட்டத்துக்கே அதில் ஒரு பங்கு இருப்பது தெரிந்தது.

முதலில் அபினைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் கஜானாக்களின் இரட்டைப் பூட்டு அறையில் ரொக்கமும் முத்திரைத்தாளும் மட்டும் இருக்கவில்லை, அபினும் இருந்தது. ஒரு சாவி ஒருவரிடம், இன்னொன்று மற்றவரிடம், இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பணி மூப்பில் இருந்த பெரியவர்கள், "அந்த அறையில ரூபா நோட்டைவிட அபினுக்குத்தான்யா பயம் ஜாஸ்தி. எடை ஒரு குன்றிமணி குறைஞ்சா வேலை போயிடும்" என்று தங்களுக்கு மூத்தவர்கள் சொன்னதைச் சொல்வார்கள். காஜிப்பூர் ஆலையில் அரசாங்கமே அபினைக் காய்ச்சியது. உரிமம் எடுத்த கடைக்காரனுக்கு அரசாங்கமே விற்றது. 1878ஆம் வருஷத்து அபின் சட்டம் அபினை ஒழிக்க வந்ததல்ல. அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் அதில் லாபம் பார்க்கக் கூடாது என்பதற்கு வந்தது.

இங்கிலாந்தில் பாதிரிமார்களும் சில எம்.பி.க்களும் கூச்சல் போட்டதால் 1893இல் ராயல் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். தலைவர் பிராஸி பிரபு. இரண்டு இந்தியர்களும் உறுப்பினர்கள். 1895இல் அறிக்கை வந்தது. இந்தியனுக்கு அபின் என்பது வெள்ளைக்காரனுக்குச் சாராயம் மாதிரி, அளவோடு சாப்பிட்டால் பெரிய கெடுதல் இல்லை, தடை செய்தால் வருமானம் போகும், ஜனங்களும் கோபப்படுவார்கள் என்பது அதன் சாரம். படிக்கும்போது, நம்முடைய சட்டமன்ற விவாதங்களில் பிற்காலத்தில் கேட்ட குரல் மாதிரியே இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அபின் அவ்வளவாக வேரூன்றவில்லை. நமக்கு வாய்த்தது கள்ளும் சாராயமும். அபின் வேரூன்றிய இடம் அஸ்ஸாம். அங்கே கிராமம் கிராமமாக மக்கள் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். 1921இல் காந்தி அங்கே போய் வந்தபிறகு காங்கிரஸ்காரர்கள் வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொன்னார்கள். 1925இல் காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழு அறிக்கையும் வெளியிட்டது. ஆனால் அரசாங்கப் பணம் முதன்முதலாக அபின் சாப்பிடுகிறவனின் பக்கம் போனது 1939இல்தான். கோபிநாத் பர்தலை முதல்வராக இருந்தபோது, அந்த வருஷம் ஏப்ரலில் சிப்சாகர், திப்ரூகர் பகுதிகளில் அபினைத் தடை செய்தார்கள். தடை செய்ததோடு விடவில்லை. பழகிப்போன உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்து, மருத்துவர்களை அமர்த்தி, நிறுத்த வந்தவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். நம் நாட்டில் போதைக்கு அடிமையான கிராமத்தானை ஓர் அரசாங்கம் நோயாளியாகப் பார்த்த ஆரம்பக் காட்சிகளில் இது ஒன்று என்பேன்.

அதே காலத்தில் இங்கே சென்னை ராஜதானியில் ராஜாஜி வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமத்தில் இருந்த நாளிலேயே, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தியவர் அவர். உடன் இருந்து வேலை பார்த்தவர் கல்கி. 1937இல் பிரதமர் நாற்காலி கிடைத்ததும் (அப்போது மாகாண முதல்வருக்கு அதுதான் பெயர்) சொந்த மாவட்டமான சேலத்தில் அக்டோபர் 1ஆம் தேதி கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் மூடினார். கலெக்டராக இருந்தவர் டிக்சன் என்ற ஆங்கிலேயர். மறு வருஷம் சித்தூர், கடப்பா. அதற்கும் அடுத்த வருஷம், 1939இல், எங்கள் வட ஆற்காடு. ராஜதானியில் மதுவிலக்கு வந்த நான்காவது மாவட்டம் நாங்கள். ஆரணி, போளூர், சந்தவாசல், படவேடு எல்லாம் இதில் அடக்கம்.

சேலத்தை முதலில் தேர்ந்தெடுத்ததில் சொந்த ஊர் பாசம் மட்டும் இல்லை. அங்கே நெசவாளிகள் அதிகம். தறிக்காரன் வீட்டுக் கணக்கு எப்படிப்பட்டது என்பது எங்கள் ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வரும். குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் நெய்து முடிக்கும்வரை காசு கிடையாது. முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் மொத்தமாகக் கூலி வரும். அதில் முன்பணத்துக்குப் பிடித்தம் போக மீதிதான் கைக்கு. மாதச் சம்பளக்காரனுக்குக் குடி ஒரு செலவு. தறிக்காரனுக்கோ, கூலி வாங்கிய அன்றைக்குக் கடைவாசலைத் தாண்டி வீட்டுக்குப் போவதே ஒரு பரீட்சை. தவறினால் அடுத்த முன்பணம், அதற்கு அடுத்தது. கடைசியில் தறியே முதலாளியுடையதாகிவிடும். எங்கள் தெருவில் அப்படித் தறி இழந்த வீடுகளை எண்ண இரண்டு கை போதாது. ஆண் போனபிறகு, இராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தே பிள்ளைகளை வளர்த்த பெண்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள்.

சேலத்தில் கடையை மூடியதால் என்ன ஆனது என்று பார்த்துவரச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் ஓர் ஆய்வு செய்தார். 1940இல் அறிக்கை வெளிவந்தது. குடித்தவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா, துணிமணி வாங்கினார்களா, கடன் குறைந்ததா என்று போய்ப் பார்த்தார்கள். இன்றைக்கு ஒரு திட்டம் அறிவித்தால் இப்படி யாராவது போய்ப் பார்க்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. மரமேறிகள் பிழைப்பு போய்விடுமே என்பதற்காக, பாளைக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்க அனுமதி கொடுத்தார்கள். வெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்தார்கள். சாயங்காலம் கடைக்குப் போன கால்கள் எங்காவது போகவேண்டுமே என்று விளையாட்டு, பஜனை, டீக்கடை என்று ஊக்கம் கொடுத்தார்கள். ஒரு பழக்கத்தை எடுத்தால் அந்த இடத்தில் ஒன்றை வைக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதற்கெல்லாம் அரசாங்கப் பணம் செலவானது. ஆனால் குடித்துப் பழகிய உடம்புக்கு மருத்துவம் என்று அஸ்ஸாமில் நடந்த மாதிரி இங்கே அந்தப் பேச்சு பெரிதாக எழவில்லை. குடிப்பது கெட்ட பழக்கம், கடை இல்லாவிட்டால் போய்விடும் என்ற நினைப்புதான் ஓங்கியிருந்தது.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு ராஜதானிக்கு நிலவரிக்கு அடுத்தபடியான வருமானம் கலால்தான். அதைக் கை நழுவ விட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் எதை எடுத்துச் செலவு செய்வது? ராஜாஜி கண்டுபிடித்த பதில் விற்பனை வரி. 1939ஆம் வருஷத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம்தான் இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி. பெரிய வியாபாரிக்கு விற்றுமுதலில் நூற்றுக்கு அரை ரூபாய். கேளிக்கை வரியும் பெட்ரோல் வரியும் புகையிலை வரியும் அந்த வருஷமே வந்தன. வியாபாரிகள் கொதித்தார்கள். இன்றைக்கு ஜி.எஸ்.டி. கட்டுகிற ஆரணிப் பட்டுக் கடைக்காரருக்கு, அந்த வரிக்குப் பாட்டன் தன் மாவட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடப் பிறந்தவன் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

அடுத்து நடந்ததுதான் கருவூலக்காரன் கவனிக்கவேண்டியது. 1939 அக்டோபர் கடைசியில் யுத்தத்தை முன்னிட்டு ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும் ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள். யுத்தச் செலவு ஏறியது. 1944 தொடங்கும்போது நான்கு மாவட்டங்களிலும் மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். கடைகள் திறந்தன. மதுவிலக்குக்காகப் போட்ட விற்பனை வரியைத் திருப்பிக் கொடுத்தார்களா? இல்லை. அதுவும் இருந்தது, இதுவும் வந்தது. ஒரு காரணத்துக்காக வாங்க ஆரம்பித்த வரி, காரணம் போனபிறகும் நின்றுவிடும் என்பதை வட ஆற்காட்டுக்காரர்கள் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள்.

சுதந்திரத்தை ஒட்டி மறுபடி மாவட்டம் மாவட்டமாக மூடிக்கொண்டு வந்து, ஓமந்தூரார் காலத்தில் 1948 அக்டோபர் 2ஆம் தேதி ராஜதானி முழுவதும் மதுவிலக்கு ஆனது. அபினுக்கும் அடுத்த வருஷமே நாள் குறித்தார்கள். 1949இல் டில்லியில் கூடிய அகில இந்திய அபின் மாநாடு, பத்து வருஷத்தில் படிப்படியாகக் குறைத்து, 1959 மார்ச்சோடு மருந்துக்கு அல்லாத அபின் விநியோகத்தை நிறுத்துவது என்று முடிவு செய்தது. கஜானாவின் அபின் பெட்டி காலியானது இப்படித்தான்.

அதற்குப் பிறகான மதுக் கதை எல்லோருக்கும் தெரிந்தது, ஓட்டமாகச் சொல்கிறேன். 1971இல் திறந்தது. 1973, 74இல் மூடியது. 1981இல் திறந்தது. 1983இல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்காகப் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 2003-04இல் அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 3,600 கோடி. 2023-24இல் அது 45,000 கோடியைத் தாண்டியது. எந்தக் கட்சி ஆண்டது என்று நான் எழுதப் போவதில்லை. ஏறுகிற அந்தக் கோட்டில் எந்த ஆட்சி மாற்றமும் பள்ளமாகத் தெரியவில்லை.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியது அரசாங்கம் அல்ல, ஒரு பெண்மணி. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் பலருக்குத் தெரியும். மத்திய அரசு 1985-86இல்தான் குடி, போதை தடுப்புக்கு ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. தொண்டு நிறுவனம் மையம் நடத்தினால் ஒப்புக்கொண்ட செலவில் 90 சதவீதம் அரசு தரும், மீதியை நிறுவனம் திரட்டவேண்டும். போதைப் பொருள் சட்டமும் அந்த 1985இல்தான் வந்தது. போலீஸ் கையில் தடியும், தொண்டு நிறுவனத்தின் கையில் மானிய விண்ணப்பமும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. (இந்தச் சட்டத்தின் கெடுபிடியில் மார்ஃபின் கிடைக்காமல் வலியில் துடித்த புற்றுநோயாளிகள் ஏராளம். 2014இல் திருத்தம் வந்தபிறகுதான் கொஞ்சம் வழி பிறந்தது. அபினுக்கு இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது.)

மையங்கள் எல்லாம் நகரத்தில். கிராமத்தான் எப்படிப் போவான்? இதற்கு இரண்டு இடங்களில் ஒரே மாதிரியான பதில் பிறந்தது. ராஜஸ்தானில் ஜோத்பூருக்குப் பக்கத்தில் மாணக்லாவ் கிராமத்தில் 1979 முதல் நாராயண் சிங் என்பவர் அபின் பழக்கத்தை விடுவிக்க முகாம்கள் நடத்தினார். அங்கே கல்யாணத்திலும் சாவிலும் வந்தவர் கையில் அபினை வைத்து மரியாதை செய்வது வழக்கம். ஊரே சேர்ந்து நடத்தாவிட்டால் ஒருவன் மட்டும் விடமுடியாது என்பது அவர் கண்டது. இங்கே டி.டி.கே. மருத்துவமனை 1989 முதல் குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. பதினைந்து நாள், ஊரிலேயே தங்கல், சாப்பாடு, மருந்து, ஆலோசனை. மனைவியரையும் வரச் சொல்லிப் பேசுவது. முகாம் முடிந்து போனவரை மறுபடி மறுபடி வரவழைத்துப் பார்ப்பது. உள்ளூர்க்காரர்கள் இடமும் சாப்பாடும் பார்த்துக்கொள்ள, வைத்தியம் தெரிந்தவர்கள் வெளியிலிருந்து வருவார்கள். பெரிய கட்டடம் கட்டி வருஷம் முழுவதும் காத்திருப்பதைவிட இது மலிவு. ஊர் கண் முன்னால் நடப்பதால் திரும்பி வருகிறவனுக்கு வெட்கமும் குறைவு.

ஓய்வுக்குப் பிறகு சிறு மறுவாழ்வு மையம் ஒன்றுக்குச் சில வருஷம் கணக்கு எழுதிக் கொடுத்தேன். எந்த ஊர், எந்த மையம் என்பது வேண்டாம். மார்ச் முடிந்தும் மானியம் வராது. பயன்பாட்டுச் சான்று அனுப்பினால் ஒரு விளக்கம் கேட்பார்கள், விளக்கம் அனுப்பினால் இன்னொரு படிவம். ஒரு தடவை எட்டு மாதச் சம்பளம் இல்லாமல் ஆலோசகர்களும் சமையல்கார அம்மாவும் வேலை பார்த்தார்கள். அந்த அம்மா ஒருநாள் என்னிடம், "ஏன் சார், கடையில பாட்டில் வாங்கினா காசு அன்னிக்கே கல்லாவுல விழுதில்ல? அதை நிறுத்தறதுக்கு மட்டும் ஏன் சார் எட்டு மாசம்?" என்று கேட்டார். முப்பது வருஷம் பில் பாஸ் செய்தவனிடம் அதற்குப் பதில் இல்லை.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு ஒரு வழி தேடியிருக்கிறார்கள். 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்து, சுரங்கத் தொழிலாளர்களும் விவசாயிகளும் நிறைந்த கிராமப்புறங்களைச் சாய்த்தது. 2018இல் மத்திய அரசு கிராமங்களுக்கென்றே தனி நிதித் திட்டம் தொடங்கியது. பிறகு மாத்திரையை விநியோகித்த கம்பெனிகளும் ஜான்சன் அண்டு ஜான்சனும் வழக்குகளைத் தீர்க்க 2,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அதில் பெரும்பகுதியை அபின் வகைப் போதையின் பாதிப்பைக் குறைக்கவே செலவிடவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ஏன் அவ்வளவு கறார்? 1998இல் சிகரெட் கம்பெனிகளிடம் வாங்கிய பெரும்பணத்தை மாநிலங்கள் ரோட்டுக்கும் பற்றாக்குறைக்கும் கரைத்துவிட்டன. சூடு கண்ட பூனை. நம் ராஜாஜி விற்பனை வரிச் சட்டத்தில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் 1944 வேறு மாதிரி போயிருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

நம் நாட்டு நிலைமை என்ன? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்கு 2019இல் வெளியானது. குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அபின் வகைகளை எடுப்பவர்கள் 2 கோடிக்கு மேல், அதில் சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 77 லட்சம். பஞ்சாப், மணிப்பூர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது தமிழ்நாட்டுச் சிறு ஊர்களிலும் டாபென்டடால் மாதிரியான வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் பிடிபடுகிறார்கள். டிரமடாலை 2018இல் போதைப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் பழக்கம் அடுத்த மாத்திரைக்குத் தாவிவிட்டது. கள்ளச்சாராயம் போய்விட்டது என்று நினைத்தபோது 2023இல் மரக்காணம், 2024இல் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் சாவு, குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அறிவிப்பு. கல்வராயன் மலை அடிவாரத்தில் நடந்தது, எங்கள் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு அந்நியமான கதை அல்ல. செத்தபிறகு பத்து லட்சம் தரமுடிகிற கஜானா, இருக்கும்போது அவனுக்கு எவ்வளவு ஒதுக்கியது என்று கேட்டால் அரசியல் பேசுகிறேன் என்பார்கள்.

2025இல் தமிழக அரசு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறந்தது. நல்ல காரியம். ஆனால் எங்கள் தெரு நெசவாளி ஒருவருக்கு அதில் ஒரு சிக்கல் இருப்பதை அவருடைய சம்சாரம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதினைந்து நாள், இருபது நாள் படுக்கையில் இருந்தால் தறி நிற்கும். பாவு பாதியில் நின்றால் முதலாளி கேட்பார். துணைக்கு இவரும் போனால் இராட்டையும் நிற்கும். சிகிச்சை இலவசம், பஸ் செலவும் சமாளிக்கலாம், கூலிக்கு என்ன செய்வது? மஞ்சக்குடி மாதிரி எங்கள் பக்கமே முகாம் போட்டால், பகலில் முகாமும் சாயங்காலம் தறியுமாக ஓட்டமுடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண மண்டபம் ஒன்றைப் பதினைந்து நாளைக்கு வாடகை இல்லாமல் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆடி மாதம் மண்டபம் சும்மாதானே கிடக்கும் என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது உடனே தேவைப்பட்டால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் கிடையாது. வீட்டுப் பெண்களும் கூப்பிடலாம்.